வீட்டிலேயே தேகப்பயிற்சிக் கூடம்! காசு இல்லாமலும் அமைக்கலாம்

பொங்கல் வந்தால் திருநெல்வேலிச் சீமையில் சில ஊர்களில் ஒரு வேடிக்கை நடக்கும்.

ஊர் நடுவில் ஓர் உருண்டைக் கல் கிடக்கும். வழவழவென்று இருக்கும். பிடித்துத் தூக்க ஒரு பிடி கிடையாது. பெரிய கல்லாக இருந்தால் எடை 100 கிலோவையும் தாண்டும்.

அதுதான் இளவட்டக் கல்!

வாலிபர்கள் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு முன்னே வருவார்கள். குனிந்து, கல்லை இரண்டு கைகளாலும் அணைத்து, முதலில் மடிக்குக் கொண்டு வர வேண்டும். பிறகு மார்புக்கு. பிறகு தோளுக்கு. தோளில் ஏறிய கல்லைப் பின்னால் போட்டுவிட்டால் வெற்றி. சுற்றி நிற்கிற கூட்டம் ஆரவாரம் செய்யும்.

அந்தக் காலத்தில் இந்தக் கல்லைத் தூக்கியவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. அதனால் இதற்குக் கல்யாணக் கல் என்றும் ஒரு பெயர். பெண்ணிடம் சம்மதம் கேட்டார்களா என்பது வேறு கதை! நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள வடலிவிளையில் இந்தப் போட்டி அண்மை ஆண்டுகளிலும் நடந்திருக்கிறது. அங்கே பெண்களும் கல்லைத் தூக்கிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள்.

இந்தக் கல்லுக்கு விலை என்ன? ஒன்றும் இல்லை. மின்சாரம் வேண்டுமா? வேண்டாம். மாதச் சந்தா உண்டா? கிடையாது. ஊரே பயன்படுத்திய தேகப்பயிற்சிச் சாமான் அது.

இன்று வீட்டிலேயே ஒரு தேகப்பயிற்சிக் கூடம் அமைக்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை. எவ்வளவு செலவாகும், எந்தச் சாமான் வாங்கலாம் என்று கடை கடையாக விசாரிக்கிறார்கள். விசாரிக்கும் முன் இந்தக் கல்லைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

உட்கார்ந்தே போகும் பொழுது

தாமிரபரணிக் கரையில் முன்பெல்லாம் தேகப்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. நாற்று நடுவது ஒரு பயிற்சி. நெல் மூட்டை சுமப்பது ஒரு பயிற்சி. உரலில் குத்துவதும், அம்மியில் அரைப்பதும், ஆற்றில் குளித்துவிட்டு இடுப்பில் குடத்தோடு வீடு திரும்புவதும் பயிற்சிதான்.

இப்போது கிரைண்டர் அரைக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. வயலில் யந்திரம் நடுகிறது, யந்திரம் அறுக்கிறது. இதெல்லாம் நல்லதுதான். உரலோடு மல்லுக்கட்டிய பாட்டியைக் கேட்டால் "கிரைண்டர் வாழ்க" என்றுதான் சொல்வாள்!

ஆனால் உடம்புக்கு வேலை போய்விட்டது. கடையில் உட்கார்ந்திருப்பவர், ஆபீசில் கம்ப்யூட்டர் முன் இருப்பவர், நாள் முழுவதும் ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் சம்பாதிக்கிறார்கள்.

இவர்களையெல்லாம் விட அதிகமாக உட்காருகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் பீடி சுற்றும் பெண்கள். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கங்களில் எத்தனையோ வீடுகளில் இதுதான் பிழைப்பு. மடியில் தட்டு. குனிந்த தலை. விரல்கள் மட்டும் மின்னலாக ஓடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆகையால் எழுந்தால் நஷ்டம் என்று நினைத்து எழுவதே இல்லை. சாயங்காலம் எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டியிருக்கிறது.

நாடு முழுவதும் இந்தக் கதைதான். 2022-ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து 2024-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களும் சேர்ந்து எடுத்த கணக்கு அது. இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று அது கூறியது. ஆண்களில் 100-க்கு 42 பேர். பெண்களில் 100-க்கு 57 பேர்!

வீட்டு வேலை அத்தனையும் செய்கிற பெண்கள்தான் இதில் முன்னே நிற்கிறார்கள். வேலை இருக்கிறது. ஆனால் மூச்சு வாங்கும்படியான அசைவு இல்லை.

சர்க்கரை வியாதி இன்னொரு பக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக அது மதிப்பிட்டது. நாம் தசையை அசைக்கும்போது, அது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. அசையாத தசைக்கு அந்தச் சர்க்கரை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஆகவே தேகப்பயிற்சி என்பது பயில்வான்கள் சமாசாரம் மட்டுமல்ல. அடுக்களை வரைக்கும் வந்துவிட்ட சமாசாரம்.

துணி காயப் போடும் மிஷின்

2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கு வந்தது. தேகப்பயிற்சி நிலையங்களைப் பல மாதம் மூடிவிட்டார்கள். கையில் காசு இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஓடும் மிஷின், சைக்கிள் மிஷின் என்று வீட்டுக்கே வாங்கிப் போட்டார்கள். நின்ற இடத்திலேயே நடக்கவும் ஓடவும் உதவும் மிஷினைத்தான் டிரெட்மில் என்கிறார்கள்.

ஆரம்பத்தில் குடும்பமே வரிசையில் நின்று ஓடும். ஒரு மாதம் கழிந்தால் வீட்டுக்காரர் மட்டும் ஓடுவார். பிறகு? பாளையங்கோட்டையில் இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொள்வதாகக் கற்பனை செய்து பாருங்கள்.

"ஏன் அண்ணாச்சி, அந்த மிஷினு இப்பம் ஓடுதா?"

"அது எங்க ஓடுது! ஈர வேட்டி காயப் போடத் தோதா இருக்கு."

இது சிரிப்பதற்காக மட்டும் சொல்வதல்ல. முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகையா? பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் கட்டியிருக்கலாம். இதில் தவறு எங்கே நேர்ந்தது? மிஷின் கெட்டதில்லை. பழக்கம் வருவதற்கு முன் மிஷின் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

தசைக்கு விலை தெரியாது

தசை எப்படிப் பலம் பெறுகிறது? வழக்கத்தைவிடச் சற்று அதிகமான பாரத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். பிறகு ஓய்வும் ஆகாரமும் கொடுக்க வேண்டும். அடுத்த முறை அந்தப் பாரத்துக்குத் தயாராகத் தசை தன்னைக் கட்டிக்கொள்ளும். உடனே பாரத்தை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

இதை ஒரு பழைய கதை அழகாகச் சொல்கிறது. கிரேக்கர்களிடையே மைலோ என்று ஒரு மல்யுத்த வீரர் இருந்தார். 2,500 ஆண்டுகளுக்கு முந்தியவர். ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கி நடப்பாராம். கன்று வளர வளர, அவர் பலமும் வளர்ந்தது. கடைசியில் முழுக் காளையையே தூக்கிவிட்டாராம்! காளையைத் தூக்கினாரோ இல்லையோ, கதையின் கணக்கு சரியானது. பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். அந்தப் பாரம் கல்லா, இரும்பா, தண்ணீரா என்று தசை கேட்பதில்லை. அதற்கு விலை தெரியாது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த மனோகர் ஐச். 1912-ல் பிறந்தவர். உயரம் 4 அடி 11 அங்குலம்தான். வெள்ளைக்காரர் காலத்தில் விமானப் படையில் வேலை பார்த்தார். இந்தியர்களை இழிவாகப் பேசிய ஓர் அதிகாரியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். கிடைத்தது சிறைவாசம்!

சிறையில் இரும்புத் தட்டு ஏது? பளு ஏது? கையையும் காலையும் வைத்தே மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். 1952-ல் லண்டனில் நடந்த உலக ஆணழகன் போட்டியில், உயரம் குறைந்தவர்கள் பிரிவில் பட்டம் வென்றார். 2016-ல் காலமானபோது அவருக்கு வயது 104.

செலவே இல்லாத கூடம்

முதலில் ஒரு பைசா செலவில்லாத வழியைப் பார்ப்போம். ஆறடி நீளம், ஆறடி அகலம் இடம் இருந்தால் போதும். தார்சாவோ, மொட்டை மாடியோ, வளவுக்குள் ஒரு முற்றமோ எதுவாயினும் சரி.

திண்ணை இருக்கிறதா? அதுவே அரைக் கூடம். திண்ணை விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்காருங்கள். இதுதான் பஸ்கியின் முதல் பாடம். பத்து தடவை சுலபமாக வந்தால் உட்காராமல், திண்ணையைத் தொட்டவுடன் எழுந்துவிடலாம். பிறகு திண்ணையே இல்லாமல் செய்யலாம்.

தண்டாலும் அப்படித்தான். எடுத்த எடுப்பில் தரையில் படுத்துத் தண்டால் எடுக்கப் பார்ப்பார்கள். மூன்றாவது தண்டாலில் மூக்கு தரையைத் தொடும்! முதலில் சுவரில் கை ஊன்றிச் செய்ய வேண்டும். சில வாரம் கழித்துத் திண்ணையில் கை ஊன்ற வேண்டும். அதன் பிறகுதான் தரை. கை எவ்வளவு தாழ்கிறதோ, அவ்வளவு பாரம் கூடும்.

பளு வேண்டுமா? தண்ணீரைவிட நேர்மையான எடைக்கல் வேறு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் காலியாகக் கிடக்கும். அதில் இரண்டு லிட்டர் ஊற்றினால் இரண்டு கிலோ. வாரம் போகப் போக அரை லிட்டராகக் கூட்டிக்கொண்டே வரலாம். காசு கொடுத்து வாங்குகிற டம்பிள்ஸில் கூட இத்தனை நுணுக்கமாக எடையைக் கூட்ட முடியாது!

அந்தக் கேனை வைத்து என்ன செய்வது? இடது கையைத் திண்ணையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி வைத்துக் குனியுங்கள். வலது கையால் கேனை இடுப்பு வரை இழுத்து மெதுவாக இறக்குங்கள். கிணற்றில் தண்ணீர் இறைப்பது போன்ற இழுவை. கூனிக் கூனி உட்கார்ந்த முதுகுக்கு இதைவிட நல்ல மருந்து அபூர்வம்.

அரிசிப் பையும் உதவும். 5 கிலோ, 10 கிலோ, 25 கிலோ என்று எடை போட்டே வருகிறது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்கி எடுத்தால் அது குட்டி இளவட்டக் கல்தான். தவறி விழுந்தாலும் காலை நசுக்காது. ஆனால் தரையிலிருந்து எடுக்கும்போது முதுகை வளைத்து எடுக்கக்கூடாது. முழங்காலை மடக்கி, பையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, காலின் பலத்தால் எழ வேண்டும். மூட்டை தூக்கிப் பழகியவர்களைக் கவனித்தால் இது புரியும்.

மணல் மூட்டை செய்கிறேன் என்று தாமிரபரணி மணலை அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆறு ஏற்கெனவே இழந்தது போதும்.

சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டால் கொடுப்பார்கள். அதை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுக்கலாம். வெடிப்பு விழுந்த டியூப் வேண்டாம். அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

ஆயிரம் பீடி, நூறு பஸ்கி

பீடி சுற்றும் தாய்மாருக்கு நேரம்தான் பணம். தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கு என்று சொன்னால் நடக்காது. அவர்களுக்கு வேறு கணக்கு வேண்டும்.

நூறு பீடி சுற்றியதும் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுங்கள். நாற்காலி அல்லது திண்ணையில் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். மறுபடி வேலைக்குப் போங்கள். இதற்கு முக்கால் நிமிஷம் பிடிக்கும். ஆயிரம் பீடி முடியும்போது நூறு பஸ்கி ஆகியிருக்கும்! மொத்தம் செலவானது எட்டு நிமிஷத்துக்கும் குறைவு.

ஒருமுறை பஸ்கி என்றால், அடுத்த முறை சுவர்த் தண்டால். அதற்கடுத்த முறை கேன் இழுவை. கழுத்தைக் குனிந்தே வைத்திருப்பவர்கள் சுவரில் முதுகையும் பின்தலையையும் ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் சுவரோடு மேலே ஏற்றி இறக்கலாம். முதல் நாள் கை பாதி தூரம்கூட ஏறாது. பயப்பட வேண்டாம். ஒரே நாளில் நூறு பஸ்கிக்கும் ஆசைப்பட வேண்டாம். முதல் வாரம் முப்பது போதும்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். "என்ன மைனி, உக்காந்து உக்காந்து எந்திரிக்கிய? கிறுக்கு புடிச்சிட்டா?" என்று கேட்பாள். கேட்கட்டும். இரண்டு பேராகச் சேர்ந்து எண்ணினால் எண்ணிக்கை தவறாது!

ஆயிரம் ரூபாய் இருந்தால்

இரண்டு மூன்று மாதம் மேலே சொன்னபடி செய்து பழகியவர்கள் கொஞ்சம் செலவு செய்யலாம். சுமார் 1,000 ரூபாயில் இரண்டு சாமான் போதும்.

ஒன்று, இழுவை ரப்பர் பட்டை. சைக்கிள் டியூபின் படித்த தம்பி! லேசானது, நடுத்தரமானது, முரட்டுத்தனமானது என்று பல பலத்தில் கிடைக்கும். கைப்பைக்குள் சுருட்டி வைக்கலாம். வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இதுதான் கூடம். இரண்டு, தாண்டு கயிறு. பிள்ளைகளும் விரும்புவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே நின்று யாருமே தாண்ட வேண்டாம்!

விரிக்கப் பாய் வேண்டுமே என்பார்கள். ரப்பர் விரிப்பு நல்லதுதான். ஆனால் பத்தமடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாய்க்கு அலைவானேன்? கல்யாணத்துக்கு நெய்கிற பட்டுப்பாய் அல்ல, சாதாரணக் கோரைப்பாய். படுத்துச் செய்கிற பயிற்சிக்கு அது போதும். மொசைக் தரையில் பாய் வழுக்கும். அடியில் ஒரு பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுவிடுங்கள். நின்று செய்யும் பயிற்சிக்குப் பாயே வேண்டாம், வெறுந்தரைதான் பத்திரம்.

ஐந்தாயிரம் ரூபாய்க் கூடம்

இந்தத் தொகையில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. கடைக்குப் போனால், தட்டு மாற்றிப் போடும் டம்பிள்ஸ் ஜோடி ஒன்று வாங்கலாம். நிலையான எடையில் ஆளுக்கொரு ஜோடி வாங்குவதைவிட இது லாபம். தாய் மூன்று கிலோ போட்டுக்கொள்ளலாம், மகன் பத்துக் கிலோ போட்டுக்கொள்ளலாம். ஊரடங்கில் வாங்கி மூலையில் போட்ட சாமான்கள் பழைய விலைக்கும் வருகின்றன. இரும்பு கெட்டுப் போகாது. துரு ஏறினால் தேய்த்து வர்ணம் அடித்தால் தீர்ந்தது.

கையால் செய்துகொள்வதும் உண்டு. கிராமத்து வாலிபர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஐந்து லிட்டர் பெயின்ட் டப்பா இரண்டு, ஒரு இரும்புக் குழாய், கொஞ்சம் சிமெண்டு, மணல், ஜல்லி. டப்பாவில் கலவையை நிரப்பிக் குழாயை நடுவில் நட்டு, காய்ந்ததும் மறுமுனையில் அடுத்த டப்பா. ஒரு டப்பா கலவை ஏறக்குறைய 12 கிலோ வரும். இரண்டும் குழாயும் சேர்ந்தால் 25 கிலோவுக்கு மேல். குழாயின் முனையில் குறுக்கே ஒரு கம்பியை வைத்து ஒட்டுப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் கல் நழுவிக் காலில் விழும். ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டுக்குத் தளம் போட்டவர்களுக்கு இது தெரியும்.

ஆனால் இந்தப் பக்கத்துக்கே உரிய சாமான் வேறொன்று. அதுதான் கர்லாக்கட்டை!

பிடி மெலிந்து, அடி பருத்து, பார்ப்பதற்குப் பெரிய உலக்கைக் குட்டி போல இருக்கும். அதைத் தோளைச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் இறக்கி, முன்னால் கொண்டு வந்து சுழற்றுவார்கள். தோள், மணிக்கட்டு, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே சுழற்சியில் வேலை செய்யும். சிலம்பக் கூடங்களிலும் குஸ்திக் கூடங்களிலும் பழகியது.

இந்தக் கட்டைக்கு உலகச் சரித்திரமே உண்டு. இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இதைப் பார்த்து மயங்கித் தங்கள் நாட்டுக்குக் கொண்டு போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சீமையில் ஆணும் பெண்ணும் கட்டை சுற்றினார்கள். அங்கே அதற்கு "இந்தியன் கிளப்" என்றே பெயர். ஒலிம்பிக் போட்டியில் கூட 1904-லும் 1932-லும் கட்டை சுற்றும் போட்டி நடந்தது! 1932-ல் லாஸ் ஏஞ்சலீஸில் தங்கப் பதக்கம் வென்றவர் ஜார்ஜ் ரோத் என்ற அமெரிக்கர். அப்போது அவருக்கு வேலை கிடையாது. பதக்கத்தை வாங்கிக்கொண்டு, வழியில் போன மோட்டாரைக் கைகாட்டி நிறுத்தி ஏறி வீட்டுக்குப் போனாராம்.

தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான்களுக்குப் பேர் போனது. சின்னஞ்சிறு அடுப்பும் குடமும் கடைசல் பட்டறையில்தான் பிறக்கின்றன. கடைசல் தெரிந்த கைக்குக் கர்லாக்கட்டை கடைவது பெரிய காரியம் அல்ல. கெட்டியான மரமாக, வெடிப்பு இல்லாததாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெண்களும் புதியவர்களும் ஒன்றரை, இரண்டு கிலோவில் ஆரம்பிக்கலாம். படத்தில் பயில்வான் சுற்றுகிறார் என்று பத்துக் கிலோவை எடுத்தால் தோள்பட்டை இறங்கிவிடும். முதல் ஒரு மாதமாவது தெரிந்த ஆசானிடம் கற்றுக்கொள்வது அவசியம். வீட்டுக்குள்ளே சுற்றக் கூடாது. மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். டெலிவிஷன் பெட்டி தப்பும்.

இருபத்தையாயிரமும் அதற்கு மேலும்

பணம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. உறுதியான பெஞ்சு ஒன்று, நீளக் கம்பி ஒன்று, 50 கிலோ பளுத்தட்டு. தரைக்குக் கெட்டியான ரப்பர் விரிப்பு. மிச்சம் இருந்தால் சைக்கிள் மிஷின்.

ஓடும் மிஷினா, சைக்கிள் மிஷினா என்று கேட்டால், வீட்டுக்குச் சைக்கிளே மேல். அதில் தடுக்கி விழும் பயம் குறைவு. பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வேண்டாம். முழங்காலில் அடி விழாது. ஓடும் மிஷினில் ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் முழு பலத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல் செலவாகும். 16 ஆம்பியர் பிளக்கும், நல்ல எர்த்தும் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில், வேலை முடிந்ததும் சாவியைக் கழற்றி உயரத்தில் வைக்க வேண்டும். ஓடுகிற பட்டையில் சின்ன விரல் சிக்கினால் தோல் உரிந்துவிடும்.

நடப்பதற்கு அதிகாலையில் தெருவே இருக்கிறது. நெல்லை வெயில் ஏழு மணிக்கு மேல் விடாது. அதற்குள் நடந்துவிட வேண்டும்.

பளபளக்கும் டப்பாவில் விற்கிற சத்துமாவுக்காகத் தனியாக ஆயிரக்கணக்கில் ஒதுக்குகிறார்கள். டாக்டர் சொல்லாமல் அது தேவையில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. உளுந்தில் 100 கிராமுக்கு 24 கிராம் வரை. உளுந்தம்பருப்புச் சோறும் உளுந்தங்களியும் தெரியாத நெல்லை வீடு உண்டா? களியில் கருப்பட்டியை மட்டும் சர்க்கரை வியாதிக்காரர்கள் மறந்துவிட வேண்டும்.

எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு இது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷமாவது வேக நடை போன்ற பயிற்சி வேண்டும். அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிஷ ஓட்டமும் ஆட்டமும்.

தண்டால், பஸ்கி, இழுவை ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்யுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி செய்யுங்கள். மூன்று சுற்று. பன்னிரண்டாவது தடவையும் விளையாட்டாக வந்தால் பாரத்தைக் கூட்டலாம். எட்டாவதற்கே உடம்பு கோணினால் குறைக்க வேண்டும். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள் பலப்பயிற்சி வேண்டாம்.

பளு தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளக்கூடாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இது முக்கியம். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இறக்கும்போது உள்ளே இழுங்கள். இருதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் கடும் பயிற்சி செய்தால் தலை சுற்றி விழக்கூடும். மார்பில் வலியோ இறுக்கமோ வந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தாத்தா பாட்டிக்கும் உண்டு

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை மூலையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் பயிற்சி செய்வது சரியல்ல. உண்மையில் அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது, கீழே விழாமல் நிற்கப் பழகும் பயிற்சி செய்ய வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பிறகு எழுந்து நடக்காதவர்கள் எத்தனையோ பேர்.

இதற்குச் சாமானே வேண்டாம். ஜன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பாட்டி நிற்கட்டும். ஒரு காலை மெதுவாகத் தூக்கி, பத்து எண்ணும் வரை நிற்கட்டும். பிறகு மறுகால். பேரனோ பேத்தியோ பக்கத்தில் நின்று எண்ணலாம். சில வாரம் போனால் ஒரு கைப்பிடி போதும். அப்புறம் ஒரு விரல் போதும். பேரன் வேகமாக எண்ணி ஏமாற்றாமல் பாட்டி பார்த்துக்கொள்ள வேண்டும்!